சித்திரைத் திருவிழாவில் மாட்டிக்கொண்ட நொதிப் பெட்டி: ஒரு நிகழ்வு ஆய்வு

மதுரையை ஒட்டிய ஒரு கல்லூரியின் உயிர்வேதியியல் ஆய்வகத்தில் நடந்தது இது. ஆட்களின் பெயர், கல்லூரியின் பெயர், விற்றவர்கள், கூரியர் என எந்தப் பெயரும் இதில் வராது. அந்த ஆய்வகத்துக்கு நான்தான் பொறுப்பு, இதில் எடுத்த முடிவுகளில் பெரும்பாலானவை என்னுடையவை. இதேபோல நொதி (வேதிவினையை வேகப்படுத்துகிற புரதம், என்சைம்) வாங்கி, ஒரு பொருள் அதைத் தடுக்கிறதா என்று சோதனை செய்கிற சின்ன ஆய்வகங்கள் நம் பக்கம் நிறைய இருக்கின்றன, அவர்களுக்காகவே எழுதுகிறேன். எங்களுக்கு நான்கு மாதம் போனது, அது இன்னொருவருக்குப் போக வேண்டாம்.

பின்னணி

சர்க்கரை நோய் உள்ளவர்களுக்குக் கண்புரை சீக்கிரம் வரும் என்பதை மதுரைக்காரர்களுக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை, கண்ணைக் காட்டுவதற்கென்றே வெளியூர்களிலிருந்து பஸ் ஏறி வருகிற ஊர் இது. அந்தப் புரைக்குப் பின்னால் இருப்பதாகச் சொல்லப்படும் காரணங்களில் ஒன்று ஆல்டோஸ் ரிடக்டேஸ் என்ற நொதி. ரத்தத்தில் சர்க்கரை அளவோடு இருக்கும்போது இது குளுகோஸைப் பெரிதாகச் சீண்டாது, ஏனென்றால் குளுகோஸோடு இதற்கு ஒட்டுதல் குறைவு. சர்க்கரை ஏறினால்தான் குளுகோஸைப் பிடித்து சார்பிட்டாலாக மாற்ற ஆரம்பிக்கும், அதற்கு என்ஏடிபிஎச் என்ற துணைப்பொருளைச் செலவழிக்கும். சார்பிட்டால் செல் சவ்வைத் தாண்டி எளிதில் வெளியே போகாது. லென்ஸுக்குள் தேங்கி, தண்ணீரை இழுத்து, லென்ஸ் நார்கள் வீங்கி, பார்வை மங்கும். சுண்டெலியே இதற்கு நல்ல சாட்சி: சுண்டெலியின் லென்ஸில் இந்த நொதி மிகக் குறைவு, சர்க்கரை நோய் வந்தாலும் அதற்குப் புரை எளிதில் வராது, ஆனால் மனித நொதியின் மரபணுவை அதன் லென்ஸில் கூடுதலாக வேலை செய்ய வைத்தபோது புரை வந்தது. 1995-இல் வெளியான வேலை அது. மனிதர்களில் இதன் பங்கு எவ்வளவு என்பதில் இன்னும் வாதம் இருக்கிறது, அது வேறு கதை.

என் பிஎச்.டி. மாணவி ஒருவர் ஊர்ப்பக்கம் சர்க்கரைக்குக் குடிக்கிற மூலிகைகளின் சாறுகள் இந்த நொதியைத் தடுக்கின்றனவா என்று பார்க்க வந்தார். ஆவாரம்பூ, நாவல் கொட்டை, வெந்தயம், சிறுகுறிஞ்சான் என்று மொத்தம் 14 சாறுகள். ஆவாரம்பூவைக் கீழக்குயில்குடியில் சமணர் மலை அடிவாரத்தில் அவரே போய்ப் பறித்து வந்தார். அவருடைய பாட்டிக்கு சர்க்கரையால் ஒரு கண் போயிருந்தது. அதனால் இந்த வேலை அவருக்கு வெறும் பட்டத்துக்கானது இல்லை என்பது எனக்கு முதல் நாளே தெரியும்.

முன்பெல்லாம் நாங்கள் ஆட்டுக் கண்ணை வாங்கி வந்து லென்ஸை அரைத்துத்தான் இந்தச் சோதனையைச் செய்வோம். அதில் இரண்டு சிக்கல். ஆட்டு நொதி மனித நொதி ஆகாது, அப்புறம் அரைத்த சாற்றில் என்ஏடிபிஎச்-ஐத் தின்கிற வேறு நொதிகளும் கலந்திருக்கும். அதனால் இந்த முறை மனித மரபணுவை ஈ.கோலை பாக்டீரியாவுக்குள் வைத்து அதன் மூலம் தயாரித்துச் சுத்தம் செய்த நொதியை விலைக்கு வாங்குவது என்று முடிவெடுத்தோம். ஆல்டோஸ் ரிடக்டேஸுக்கு பாக்டீரியா வழி நன்றாகவே ஒத்துவரும்: 316 அமினோ அமிலம், சுமார் 36 கிலோடால்டன் எடை, ஒற்றைச் சங்கிலி, மேலே சர்க்கரை ஒட்டத் தேவையில்லை, உலோகமும் தேவையில்லை. திட்டம் சரியானதுதான், இன்றைக்கும் அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை.

பெட்டி வந்த விதம்

மார்ச் கடைசியில் பணம் ஒதுக்கி ஆர்டர் போட்டோம், பெட்டி சித்திரையில் கிளம்பியது. மதுரைக்கு வந்து சேர்ந்தது அழகர் ஆற்றில் இறங்குவதற்கு முந்தைய நாள் மாலை. அடுத்த நாள் மாவட்டம் முழுக்க உள்ளூர் விடுமுறை, கோரிப்பாளையம் பக்கம் வண்டியே நகராது, கூரியர் அலுவலகமும் பூட்டியிருந்தது. எதிர்சேவை, ஆற்றில் இறங்குவது, வண்டியூர் என்று ஊரே தெருவில் நின்ற இரண்டு இரவும் எங்கள் தெர்மோகோல் பெட்டி ஏதோ ஒரு குடோனின் தகரக் கூரைக்குக் கீழே இருந்திருக்கிறது. பண்டிகைத் தேதி பஞ்சாங்கத்தில் எப்போதோ வந்துவிட்டது. அதைப் பார்த்து அனுப்பும் தேதியைத் தள்ளிவைக்கச் சொல்லியிருக்க வேண்டியது நான்.

மூன்றாம் நாள் காலை எங்கள் ஆய்வக உதவியாளர் அண்ணன் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தார். பல வருடமாக இப்படிப்பட்ட பெட்டிகளை வாங்கி வைக்கிறவர். மேசையில் வைக்கும்போதே சொன்னார்: “மேடம், பெட்டி ரொம்ப லேசா இருக்கு. தொறந்தா பொக வரணுமே, ஒண்ணும் வரல.” டிரை ஐஸ் ஒரு துண்டுகூட இல்லை. ஜெல் பேக் கையில் வெதுவெதுப்பாகத் தெரிந்தது. நடுவில் குப்பி, அதற்குள் தெளிந்த திரவம். கலங்கல் இல்லை, படிவு இல்லை.

திருப்பி அனுப்பலாமா என்று அரை மணி நேரம் பேசினோம். இன்னொரு குப்பி வர ஆறிலிருந்து எட்டு வாரம் ஆகும் என்றார்கள், நிதியாண்டு முடிந்துவிட்டது, ஒதுக்கிய பணமும் தீர்ந்துவிட்டது. நான் சொன்னேன்: முதலில் வேலை செய்கிறதா என்று பார்ப்போம், செய்தால் வைத்துக்கொள்வோம். பெட்டியைத் திறந்தபோது போட்டோ எடுக்கவில்லை, விற்பனையாளருக்கு மெயிலும் போடவில்லை. அன்று எடுத்த முடிவின் மையப் பிழை இந்த “வேலை செய்கிறதா” என்ற கேள்வியிலேயே இருந்தது.

முதல் சோதனையும் நாங்கள் அதைப் படித்த விதமும்

சோதனை எளிமையானது. பிஎச் 6.2 உள்ள பாஸ்பேட் பஃபர், 0.4 மோலார் லித்தியம் சல்பேட், 0.15 மில்லிமோலார் என்ஏடிபிஎச், 10 மில்லிமோலார் டிஎல்-கிளிசரால்டிஹைடு, அதில் நொதி. குளுகோஸையே போடாததற்குக் காரணம் முன்பு சொன்ன ஒட்டுதல் குறைவுதான், கிளிசரால்டிஹைடை நொதி எளிதாகப் பிடித்துக்கொள்ளும். என்ஏடிபிஎச் 340 நானோமீட்டரில் ஒளியை உறிஞ்சும், செலவான பின் உறிஞ்சாது, ஆகவே நிமிடத்துக்கு எவ்வளவு இறங்குகிறது என்று பார்த்தால் நொதியின் வேகம் தெரிந்துவிடும்.

அன்று நொதி நன்றாகவே வேலை செய்தது. குப்பியின் தாளில் போட்டிருந்ததைவிட ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு அதிகமாகவே செய்தது! மாணவிக்கு முகம் மலர்ந்துவிட்டது. எனக்கும் நிம்மதி. “அதிகமா வந்திருக்கே, எப்படி?” என்று யாரும் கேட்கவில்லை. இரண்டு நாள் வெயிலில் கிடந்த புரதம் குறையாமல் இருப்பதே ஆச்சரியம், கூடியிருந்தால் உட்கார்ந்து யோசித்திருக்க வேண்டும். இரண்டு வித அளவீட்டு முறைக்கு இடையே இவ்வளவு வித்தியாசம் வரும்தான் என்று நானே ஒரு சமாதானம் சொல்லி லேப் நோட்டில் கையெழுத்துப் போட்டேன்.

முதல் ஆறு வாரம்

குப்பியைப் பிரித்துச் சின்னக் குழாய்களில் போட்டோம், ஆனால் எண்ணிக்கை போதவில்லை. ஒரு குழாயை வெளியே எடுத்து, உருக்கி, மிச்சத்தைத் திரும்ப உறைய வைத்து, மறுநாள் மறுபடி உருக்கி என்றே ஓடியது. அதை வைத்தது சாதாரண ஃப்ராஸ்ட்-ஃப்ரீ ஃப்ரிட்ஜின் மேல் அறையில். பனிக்கட்டி சேராமல் இருக்க அந்த வகை ஃப்ரிட்ஜ் இடையிடையே தானே கொஞ்சம் சூடேறி இறங்கும், நொதிக்கு அது ஆகவே ஆகாது. போதாக்குறைக்கு மாதாந்திரப் பராமரிப்பு என்று காலையிலிருந்து மதியம் வரை கரண்ட் போன நாள் ஒன்று, ஜெனரேட்டர் லைன் அந்த அறைக்குக் கிடையாது.

முடிவுகள் இப்படி வந்தன. ஆவாரம்பூச் சாறு கிட்டத்தட்ட எதையும் தடுக்கவில்லை. வெந்தயமும் இல்லை. சிறுகுறிஞ்சான் கொஞ்சம். நாவல் கொட்டை மட்டும் அட்டகாசமாக, சாற்றின் அளவைக் கூட்டக் கூட்ட வேகம் அப்படியே படுத்துவிட்டது. நாவல் என்றாலே எங்கள் பக்கத்தில் பழமுதிர்சோலையும் சுட்ட பழம் கதையும்தான் ஞாபகம் வரும், அந்த மரத்தின் கொட்டையில் கண்ணைக் காக்கிற மருந்து இருக்கிறது என்றால் யாருக்குத்தான் சந்தோஷம் வராது. மாணவி ஒரு மாநாட்டுக்குச் சுருக்கம் எழுதி அனுப்பினார், நான் திருத்திக் கொடுத்தேன்.

ஆவாரையைப் பற்றி அவர் மட்டும் விடவில்லை. ஒரு நாள் சாயங்காலம் வந்து நின்று, “மேடம், இதுல ஏதோ சரியில்ல. ஆவாரையில இருக்கிற ஃப்ளேவனாய்டு எல்லாம் இந்த நொதிய கொஞ்சமாவது தடுக்கணும். முழுசா ஒண்ணும் இல்லன்னா எப்படி?” என்று கேட்டார். நான் பறித்த பருவம், காய வைத்த முறை, கரைப்பான் என்று காரணங்களை அடுக்கினேன். அவருடைய கேள்விதான் சரி, என் பதில்கள்தான் அவசரம்.

சந்தேகம் பிடித்த நாள்

பக்கத்துத் துறையில் புதிதாகச் சேர்ந்திருந்த உதவிப் பேராசிரியர் ஒருவர், புரத வேலையில் பழக்கம் உள்ளவர், ஒரு நாள் டீ குடிக்க வந்தபோது மாணவியின் வரைபடத்தைப் பார்த்தார். பார்த்துவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார்: “தெரிஞ்ச தடுப்பான் ஒண்ணு போட்டுப் பாத்தீங்களா?”

போடவில்லை. திட்டத்தில் எழுதியிருந்தோம், வாங்கவும் செய்திருந்தோம், சார்பினில் என்ற பொருள். இந்த நொதிக்கு எதிராக மருந்தாக்கப் பார்த்து, ஒவ்வாமைத் தொந்தரவு காரணமாகக் கடைக்கு வராமல் நின்றுபோனது, ஆனால் ஆய்வகங்களில் ஒப்பீட்டுக்கு இன்றும் அதை வைத்துக்கொள்வார்கள். விலை அதிகம் என்பதால் கடைசியில், எல்லாச் சாறுகளும் முடிந்த பிறகு, ஒரே தடவையில் செய்துகொள்ளலாம் என்று நான்தான் தள்ளிவைத்தேன்.

அன்று மாலையே செய்தோம். 10 மைக்ரோமோலார் சார்பினில் போட்டால் நொதி நன்றாகவே அடங்க வேண்டும். எங்கள் நொதி ஐந்தில் ஒரு பங்குகூடக் குறையவில்லை. மூன்று தடவை செய்தோம், புதிதாகக் கரைத்துச் செய்தோம், அதே கதை. மாணவி, கருவியில் வைத்து அளக்கிற சின்னப் பாத்திரமான குவெட்டைக் கையில் வைத்துக்கொண்டு ஸ்டூலில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். ஆறு வார எண்கள் அத்தனையும் என்ன ஆகும் என்பது எங்கள் இருவருக்கும் ஒரே நேரத்தில் புரிந்தது.

என்ன நடந்திருந்தது

மனித ஆல்டோஸ் ரிடக்டேஸின் வினை மையத்துக்கு ஓரத்தில், 298-ஆவது இடத்தில், சிஸ்டைன் என்ற, கந்தகம் உள்ள அமினோ அமிலம் ஒன்று இருக்கிறது. அதன் கந்தகம் ஆக்சிஜனேற்றம் அடைந்தாலோ வேறு கந்தகக் கூட்டுப்பொருள் அதோடு ஒட்டிக்கொண்டாலோ நொதி சாகாது. வினை வேகம் கூடும். வினைபொருளோடு, அதாவது நொதி பிடித்து மாற்றுகிற பொருளோடு, ஒட்டுதல் குறையும். தடுப்பான்கள் பலவற்றுக்கு அது பணியாமல் போகும், சார்பினிலுக்கு முக்கியமாக. 1990-களின் தொடக்கத்திலேயே இந்த ஒரு சிஸ்டைனை மாற்றி வைத்துப் பார்த்து இதைக் காட்டியிருக்கிறார்கள், புதிய செய்தி எதுவுமில்லை. எனக்குப் படித்த ஞாபகமும் இருந்தது. என் மேசையில் இருக்கிற குப்பியோடு அதைச் சேர்த்துப் பார்க்கத்தான் தோன்றவில்லை.

இப்போது எல்லாம் பொருந்தியது. குப்பியில் டிடிடி என்ற, ஆக்சிஜனேற்றத்தைத் தடுக்கிற பொருள் இருந்தது உண்மை, சிஸ்டைன்களைக் காக்கத்தான் அதைச் சேர்க்கிறார்கள். ஆனால் டிடிடி தானே காற்றில் ஆக்சிஜனேற்றம் அடைந்து தீர்ந்துவிடும். பிஎச் 7.5-இல் 20 டிகிரியிலேயே 10 மணி நேரத்தில் பாதி போய்விடும், சூடு ஏறினால் இன்னும் வேகம். சித்திரை வெயிலில் தகரக் கூரைக்கு அடியில் இரண்டு நாள் என்றால் ஒன்றும் மிஞ்சியிருக்காது. பாதுகாப்பு தீர்ந்த பிறகு சிஸ்டைன் மாறியிருக்கிறது. நாங்கள் போட்டதோ 10 மில்லிமோலார் கிளிசரால்டிஹைடு, அவ்வளவு அதிகமாக வினைபொருள் இருந்தால் ஒட்டுதல் குறைந்தது தெரியவே தெரியாது, கூடிய வேகம் மட்டும் கண்ணில் படும். தாளில் உள்ளதைவிட மூன்றில் ஒரு பங்கு அதிகம் வந்ததன் அர்த்தம் அதுதான். நாங்கள் சந்தோஷப்பட்ட எண்ணே நோயின் அறிகுறி. பிறகு ஆறு வாரம் உருக்கி உறையவைத்தது மிச்சத்தையும் முடித்துவிட்டது.

இதை ஊகமாக விட்டுவிடக் கூடாது என்று அந்தப் பேராசிரியர் சொன்னார், நியாயம். அந்த மாற்றம் பெரும்பாலும் திரும்பக்கூடியது, ஆகவே பழைய முறை ஒன்றைச் செய்தோம்: நொதியில் 0.1 மோலார் டிடிடி சேர்த்து 37 டிகிரியில் ஒரு மணி நேரம் வைத்து, பிறகு பொருள்களைப் பிரிக்கிற குழாயான செபடெக்ஸ் ஜி-25 பத்தியில் விட்டு டிடிடியை நீக்கி, நைட்ரஜன் ஊதிய பஃபரில் பிடித்து, அன்றே சோதனை. பக்கத்திலேயே இன்னொரு பகுதிக்கு டிடிடி மட்டும் போடாமல் மற்றதெல்லாம் அப்படியே செய்தோம், சூடும் பத்தியும் செய்த வேலையோ என்ற சந்தேகம் வரக் கூடாது என்பதற்காக.

டிடிடி கண்ட நொதியின் வேகம் குறைந்தது. சார்பினில் அதே 10 மைக்ரோமோலாரில் முக்கால் பங்குக்கு மேல் அடக்கியது. டிடிடி போடாத பகுதி பழையபடியே முரண்டு பிடித்தது. ராத்திரி எட்டு மணி இருக்கும், உதவியாளர் அண்ணன் பூட்டுவதற்கு வந்து நின்றுகொண்டிருந்தார், மாணவி இரண்டு தாள்களையும் ஒன்றின் மேல் ஒன்றாக வைத்து விளக்கில் தூக்கிப் பார்த்ததை நான் மறக்கவில்லை.

நாவல் கொட்டையின் கதை

ஆவாரைக்கு இது விளக்கம் சொன்னது. நாவலுக்குச் சொல்லவில்லை. தடுப்பானுக்கே பணியாத நொதி நாவலுக்கு மட்டும் எப்படிப் பணிந்தது?

இரண்டு காரணம் கிடைத்தது. முதலாவது நிறம். நாவல் கொட்டைச் சாறு அடர் பழுப்பு, 340 நானோமீட்டரில் அதுவே ஒளியை நிறைய உறிஞ்சும். 0.15 மில்லிமோலார் என்ஏடிபிஎச் ஒரு சென்டிமீட்டர் குவெட்டில் ஏறக்குறைய 0.93 தரும். அதன் மேல் சாறு தன் பங்குக்கு 1.2 சேர்த்தால் மொத்தம் 2-ஐத் தாண்டிவிடும், எங்கள் பழைய கருவி அந்த உயரத்தில் நேராக அளக்காது, இறக்கம் இருந்தாலும் இல்லாத மாதிரி காட்டும். அதைத் தடுப்பு என்று எழுதிக்கொண்டோம். சாறு மட்டும் போட்ட ரீடிங்கைக் கழித்திருந்தோம், ஆனால் கருவி நேராக அளக்காத இடத்தில் கழிப்பதில் அர்த்தமே இல்லை.

இரண்டாவது டானின். நாவல் கொட்டையில் அது ஏராளம். டானின் எந்தப் புரதத்தைக் கண்டாலும் போய் ஒட்டிக்கொள்ளும், தோல் பதனிடுவதே அந்தக் குணத்தால்தான். அது இந்த நொதியைப் பார்த்துத் தடுக்கிற தடுப்பு ஆகாது. சோதனைக் கலவையில் இப்படிக் கண்டபடி ஒட்டுவதைக் கலைக்கிற, சோப்பு போன்ற டிரைட்டான் எக்ஸ்-100-ஐ 0.01 சதவீதம் சேர்த்தபோது மிச்சமிருந்த தடுப்பில் பாதிக்கு மேல் போனது, டானின் போய் ஒட்ட வேறொரு புரதமாக மாட்டு ஆல்புமின் சேர்த்தபோது இன்னும் இறங்கியது. சாற்றை நன்றாக நீர்க்க வைத்து, புதுப்பித்த நொதியில் மறுபடி பார்த்தால் நாவல் நடுத்தரத்துக்கும் கீழே.

ஆக நொதி ஒரு பக்கம் உண்மையை மறைத்தது, அளவீடு இன்னொரு பக்கம் இல்லாததைக் காட்டியது. இரண்டும் ஒரே நோட்டில், ஒரே பக்கத்தில்.

எடுத்த முடிவுகள்

மாநாட்டுச் சுருக்கத்தைத் திரும்பப் பெற்றோம். தேதி முடிய நான்கு நாள்தான் இருந்தது, திருத்தி வேறு எண் போட்டு அனுப்பலாமா என்று ஒரு யோசனை வந்தது, வேண்டாம் என்று நிறுத்தினேன். மறுசோதனை முடியாத எண்ணை அவசரத்துக்கு எழுதுவது முதலில் செய்த தப்பின் தொடர்ச்சியாகவே இருக்கும். அமைப்பாளர்களுக்குக் காரணத்தை அப்படியே எழுதினோம், யாரும் கோபப்படவில்லை. மாணவிக்குத்தான் கஷ்டமாக இருந்தது. “என்னாலதான மேடம்” என்று இரண்டு மூன்று தடவை சொன்னார். பெட்டியை ஏற்றுக்கொண்டதும் சார்பினிலைத் தள்ளிப்போட்டதும் நான், அதை அவருடைய ஆய்வுக் குழுவின் முன்னால் எழுத்திலேயே கொடுத்தேன். வழிகாட்டி செய்த முடிவின் பாரத்தை மாணவர் சுமக்க விடக் கூடாது, இதில் எனக்கு எந்த ஊசலாட்டமும் இல்லை.

டிடிடியால் புதுப்பித்த நொதியை வைத்தே மிச்சத்தை ஓட்டலாமா என்பது அடுத்த கேள்வி. அது நிரூபணத்துக்குப் போதும், தொடர்ந்து வேலை செய்யப் போதாது. எத்தனை பங்கு திரும்பியது, எத்தனை திரும்பவில்லை என்பது ஒவ்வொரு முறையும் மாறும். விற்பனையாளரிடம் மாற்றுக் கேட்கலாம் என்றால், பெட்டி வந்த நாளின் போட்டோவும் மெயிலும் இல்லாமல் கேட்க முகம் இல்லை. ஆகவே நாமே தயாரித்துக்கொள்வது என்று முடிவு செய்தோம். நொதியின் மரபணுவைச் சுமக்கிற டிஎன்ஏ வளையமான பிளாஸ்மிட்டை வேறொரு ஆய்வகத்திடமிருந்து முறைப்படி ஒப்பந்தம் எழுதி வாங்கினோம்.

சொந்தமாகத் தயாரித்தபோது

பிளாஸ்மிட் பெட் (pET) வகை, நொதியின் முன்முனையில், நிக்கல் பத்தி பிடித்துக்கொள்வதற்காக, ஆறு ஹிஸ்டிடின் வால். பிஎல்21 பாக்டீரியாவில் ஏற்றி, எல்பி ஊடகத்தில் வளர்த்து, கலங்கல் அளவு 0.6 வந்ததும், நொதியைத் தயாரிக்கத் தூண்டுகிற ஐபிடிஜி போட வேண்டும். அதற்கப்புறம் 20 டிகிரியில் இரவு முழுக்க ஆட வைப்பது நல்லது. எங்கள் ஷேக்கருக்குச் சூடு பண்ணத் தெரியும், குளிர வைக்கத் தெரியாது. அக்னி நட்சத்திரம் முடிந்து மாதமாகியும் அறையே ராத்திரியில் 31, 32-இல் நின்றது. கடைசியில் ஷேக்கரைத் தூக்கிக்கொண்டு போய் ஏசி உள்ள கருவி அறையில் வைத்தோம், 24-க்குக் கீழே போகவில்லை, பரவாயில்லை. இந்த நொதி தாராளமானது, கரைந்த நிலையிலேயே நிறைய வந்தது, வண்டலில் கொஞ்சம்தான் போனது. இன்னொரு நொதியாக இருந்தால் இந்த 24 டிகிரிக்கு முழுக்க வண்டலாகப் போயிருக்கவும் கூடும், இதைப் பொதுவிதியாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

செல்களை உடைக்கும்போது ஐஸ் தீர்ந்துவிட்டது. எங்கள் ஐஸ் மெஷின் ஒரு மணி நேரத்துக்கு ஒரு வாளிதான் தரும். அண்ணன் டூவீலரில் போய் ஐஸ் கம்பெனியில் அரைப் பார் வாங்கி, சாக்கில் சுற்றி, கல்லால் உடைத்துக் கொட்டினார். அவர் இல்லையென்றால் அந்தத் தொகுதி அங்கேயே போயிருக்கும்.

நிக்கல் பத்தியில் டிடிடியை அதிகம் போடக் கூடாது, நிக்கலைக் குறைத்துப் பத்தியையே பழுப்பாக்கிவிடும். அதனால் அந்தக் கட்டத்தில் பீட்டா-மெர்காப்டோஎத்தனால் மட்டும் கொஞ்சம் சேர்த்தோம். நொதியை நிக்கலிலிருந்து விடுவிக்கிற இமிடசோலை 250 மில்லிமோலார் விட்டு, நொதி இறங்கியதும் உடனே டயாலிசிஸ் வைத்து, இமிடசோலை நீக்கி, புது டிடிடி சேர்த்த பஃபருக்கு மாற்றினோம். ஜெல்லில் எதிர்பார்த்த இடத்தில் ஒரே தடித்த கோடு, மேலே இரண்டு மெல்லிய கோடுகள்.

இந்த முறை பிரித்து வைத்ததில் கஞ்சத்தனம் காட்டவில்லை. ஒரு குழாய் ஒரு நாள் வேலைக்கு மட்டும், மிச்சமானால் குப்பை. மைனஸ் 80-இல், ஜெனரேட்டர் லைன் உள்ள ஃப்ரீசரில். தயாரித்த தேதி, டிடிடி சேர்த்த தேதி, சார்பினில் எண் மூன்றும் குழாய்ப் பெட்டியின் மூடியிலேயே எழுதியிருக்கிறது.

அதற்குப் பின் வந்தவை

புது நொதியின் முதல் தொகுதியில் சார்பினில் எதிர்பார்த்தபடி அடக்கியது. 14 சாறுகளையும் முதலிலிருந்து செய்ய ஆரம்பித்தோம், இதுவரை 11 முடிந்திருக்கிறது. ஆவாரம்பூ இப்போது தெளிவாகத் தடுக்கிறது. மிதமான அளவுதான், மருந்து என்று கூவுகிற அளவில்லை. ஆனால் டிரைட்டான் சேர்த்தாலும் நிற்கிறது, நிறத்துக்கான கன்ட்ரோலிலும் நிற்கிறது. சாற்றைப் பிரித்து எந்தப் பகுதியில் அந்தத் தடுப்பு இருக்கிறது என்று மாணவி பார்த்துக்கொண்டிருக்கிறார். வெந்தயம் பழையபடி ஒன்றுமில்லை. நாவலைப் பட்டியலிலிருந்து எடுக்கவில்லை, டானினை நீக்கிய பிறகு என்ன மிஞ்சுகிறது என்று ஒரு எம்.எஸ்சி. மாணவர் தன் ப்ராஜெக்டாகச் செய்கிறார்.

பழைய குப்பியின் மிச்சத்தைத் தூக்கிப் போடவில்லை. புதிதாகச் சேருகிற மாணவர்கள் முதல் வாரத்தில் அந்த நொதியையும் புது நொதியையும் பெயர் சொல்லாமல் இரண்டு குழாயில் வாங்கி, எது கெட்டது என்று கண்டுபிடிக்க வேண்டும். வேகத்தை மட்டும் அளக்கிறவர்கள் கெட்டதைத்தான் நல்லது என்கிறார்கள்.

இனி நாங்கள் மாற்றிச் செய்வது

ஒவ்வொரு நாள் சோதனையிலும் முதல் குவெட் நொதி மட்டும், இரண்டாவது சார்பினில். சார்பினில் எண் தன் வரம்புக்குள் வரவில்லை என்றால் அன்றைக்கு மூலிகைச் சாறே எடுப்பதில்லை. இதனால் சார்பினில் செலவு கூடுகிறது, கூடட்டும். நான்கு மாதச் சம்பளத்துக்கும் மாணவியின் நேரத்துக்கும் முன்னால் அது ஒன்றுமில்லை.

நிறமுள்ள சாறு எதுவாக இருந்தாலும் முதலில் அது மட்டும் 340-இல் எவ்வளவு என்று பார்த்து, மொத்த ரீடிங் 1.5-ஐத் தாண்டாத அளவுக்கு நீர்க்க வைக்கிறோம். என்ஏடிபிஎச்-ஐ அன்றன்று கரைத்து, இருட்டில், ஐஸில் வைக்கிறோம், அமில பிஎச்-இல் அது சீக்கிரம் உடையும் என்பதால் கலவையில் கடைசி நேரத்தில்தான் சேர்க்கிறோம். வேகம் தாளில் உள்ளதைவிடக் குறைந்தால் கேட்கிற அதே கேள்வியைக் கூடினாலும் கேட்கிறோம்.

குளிர்ப்பெட்டி எது வந்தாலும் திறக்கும் முன் ஒரு போட்டோ, திறந்ததும் ஒன்று, உள்ளே வெப்பமானி வைத்து ஒரு எண், ஒரு மணி நேரத்துக்குள் விற்பனையாளருக்கு மெயில். அண்ணன்தான் இதற்குப் பொறுப்பு, அவருடைய கையெழுத்து இல்லாமல் எதுவும் ஃப்ரீசருக்குள் போகாது. பெட்டி லேசாக இருக்கிறது என்று முதலில் சொன்னவர் அவர்தானே. ஆர்டர் போடும் தாளில் இப்போது ஒரு வரி கூடுதலாக இருக்கிறது: சித்திரைத் திருவிழா, பொங்கல், தீபாவளி வாரங்களில் அனுப்ப வேண்டாம், திங்கள் அல்லது செவ்வாய் மட்டும் அனுப்பவும்.

மிச்சம் இருக்கிற மூன்று சாறுகளுக்குப் பழைய பொடி போதவில்லை, புதிதாகப் பறிக்க வேண்டும். ஆவாரையின் இரண்டாம் தொகுதியையும் அப்போதே எடுத்துவிடலாம் என்று இருக்கிறோம். மார்கழிக் கடைசியில், ஊர் சனம் காப்புக் கட்டுக்கு ஆவாரம்பூ தேடி சமணர் மலைப் பக்கம் வரும்போது, மாணவியும் அவருடைய அம்மாவும் ஒரு நாள் முன்னதாகவே சாக்கோடு போவதாகச் சொல்லியிருக்கிறார்கள்.